என் குரலில் வந்த செய்தி

2025 ஜூலை 19, சனி

இன்று நாலு செய்தி வாசித்தேன். நாலிலும் 'பரபரப்பு'. மேலச்செவல் பக்கம் கிணற்றில் மாடு விழுந்ததில் என்ன பரபரப்பு வேண்டிக் கிடக்கிறது? பத்து நிமிஷத்தில் கயிறு கட்டித் தூக்கிவிட்டார்களாம். மாடு பாட்டுக்கு மேயப் போய்விட்டதாம். ஆனால் அப்பாத்துரை அண்ணாச்சி அனுப்பிய எழுத்தில் ஓரக்குறிப்பு வேறு: 'இங்கே குரல் நடுங்கணும்.' நடுங்கினேன். பீரோவைத் திறந்து, சேலைகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு, போனைக் கையில் பிடித்து ஒரு மாட்டுக்காக நடுங்கினேன். சேலைக்குள் வாசித்தால்தான் எதிரொலி இருக்காது.

பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறை, ரெண்டு கம்ப்யூட்டர், அண்ணாச்சி. இவ்வளவுதான் எங்கள் சேனல். பார்க்கிறவர்கள் லட்சக்கணக்கில். என் முகம் யாருக்கும் தெரியாது, குரல் எல்லாருக்கும் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

ஜூலை 25, வெள்ளி

நேற்று ஆடி அமாவாசை. பாபநாசம் படித்துறையில் ஒரு வயசான அம்மா, மடியில் ஒரு துணி மூட்டை. கூட்டத்தில் யாரோ போனில் எடுத்திருக்கிறார்கள். "எம் மவன் இங்கன இருக்கச் சொல்லிட்டுப் போனான். இன்னும் காணல" என்று அழுகிறார். மகன் வரவே இல்லையாம். காப்பகத்தில் சேர்த்துவிட்டார்களாம்.

வாசிக்கும்போது நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. 'ஒரு மூட்டைத் துணியோடு பெற்றவளைத் தள்ளிவிட்டுப் போன மகன் யார்?' என்றுதான் எழுதியிருந்தது. 'கல்நெஞ்சுக்கார மகன்' என்று நானாகச் சேர்த்தேன். அண்ணாச்சி உடனே கூப்பிட்டார். "பிரேமா, இதும்மா வாசிப்பு! பிச்சு உதறிட்ட."

ஜூலை 26, சனி

பன்னிரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். பஸ்ஸில் முன் சீட்டு அம்மா போனை வைத்துக்கொண்டு, "இவனையெல்லாம் கட்டி வச்சு அடிக்கணும்" என்றார். போனில் என் குரல். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஜூலை 29, செவ்வாய்

கை நடுங்குகிறது. யாரும் எழுதித் தரவில்லை, தானாக நடுங்குகிறது.

ரவிக்கை தைக்கக் கொடுத்ததை வாங்கக் கோமு வீட்டுக்குப் போனேன். ரெண்டு தெரு தள்ளி, ஆறு வருஷமாக அவளிடம்தான் தைக்கிறேன். தையல் மிஷின் மூடிக் கிடந்தது. என்ன கோமு என்றேன். அவ்வளவுதான், உடைந்துவிட்டாள்.

படித்துறையில் இருந்தது அவள் மாமியார் சுடலைவடிவு, நான் அதுவரை பார்த்ததே இல்லை. கல்நெஞ்சுக்கார மகன் அவள் புருஷன் மணிராஜ்.

மாமனார் தவறின பிறகு வருகிற முதல் ஆடி அமாவாசை. தர்ப்பணம் கொடுத்து, இறந்தவர் துணியை ஆற்றில் விட அம்மாவை லோடு ஆட்டோவில் கூட்டிப் போயிருக்கிறார். படித்துறை கிட்டே வண்டி நிறுத்தக்கூடாது என்று போலீஸ் விரட்டியிருக்கிறது. அம்மாவைப் படியில் உட்காரவைத்துவிட்டு வண்டியை எங்கேயோ கொண்டுபோய் விட்டு, அந்தக் கூட்டத்தில் நடந்தே திரும்பிவர ரெண்டு மணி நேரம். வந்தால் ஆளைக் காணோம். விடிய விடியத் தேடியிருக்கிறார். மறுநாள் எங்கள் செய்தியைப் பார்த்துத்தான் அம்மா இருக்குமிடமே தெரிந்திருக்கிறது.

"காப்பகத்துல விட மாட்டங்காவக்கா. தள்ளிட்டுப் போனவங்கிட்டயே எப்படித் திருப்பிக் குடுக்கன்னு கேக்காவ. இவுக ஸ்கூல் வேன் ஓட்டிட்டிருந்தாவ, அதுக்கும் வர வேண்டாம்னுட்டாவ. பெத்தவளையே விட்டவன் எம் பிள்ளைய ஒழுங்காக் கொண்டுவந்து விடுவானான்னு ஒரு அம்மா கேட்டாளாம்."

பிறகு சொன்னாள்: "அதை வாசிச்சா பாருங்க ஒருத்தி. அவ நாக்கு அழுவிப் போவும்."

நான் ரவிக்கையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ஒருத்தி நான்தான் என்று சொல்லவில்லை; அழுதுகொண்டே வாசித்த குரல் என்னுடையது என்று அவளுக்குப் பிடிபடவும் இல்லை. சே, என்ன பிறவி நான்?

அதே நாள், சாயங்காலம்

ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. 'உணர்ச்சிக்காகப் பார்த்துக்கோ' என்று அண்ணாச்சி அன்றைக்கு முழு வீடியோவையும் அனுப்பியிருந்தார். நாலு நிமிஷம். அழுகிற இடம் வரைக்கும் பார்த்துவிட்டு மூடிவிட்டிருந்தேன். இன்று கடைசிவரை பார்த்தேன்.

"இன்னும் காணல"வுக்கு அடுத்து அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்கிறார்: "வண்டிய நிறுத்தப் போயிருக்கான். இப்ப வந்துருவான், நீ போ." போனில் எடுக்கிற பையன் விடாமல் மூட்டையில் என்ன என்று கேட்கிறான். அவிழ்த்துக் காட்டுகிறார். வேட்டி, ரெண்டு அரைக்கைச் சட்டை. "எங்க வீட்டுக்காரரு துணி. ஆத்துல விடணும்லா."

அஞ்சு நாளாக என் போனிலேயே இருந்திருக்கிறது.

ஜூலை 30, புதன்

அண்ணாச்சியிடம் போனேன். வெட்டினது அவர்தான், மறைக்கவில்லை. "நாலு நிமிஷம் எவன் பாப்பான்? அந்த அம்மா அழுதது பொய்யா? காணலன்னு சொன்னது பொய்யா? நாம ஒண்ணும் இட்டுக்கட்டலையே" என்றார். உண்மைதான். அந்த அம்மா சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவர் எழுதிய 'தள்ளிவிட்டு'ம் நான் சேர்த்த 'கல்நெஞ்சு'ம்தான் பொய்.

மறுப்பு போடுவோம், நானே வாசிக்கிறேன் என்றேன். "மறுப்பு போட்டா இதுவரைக்கும் போட்டது எல்லாத்தையும் சந்தேகப்படுவான்" என்றார். பாவி, அவருக்கே தெரிகிறது பார். கிளம்பும்போது, "முழு வீடியோ வெளிய போச்சுன்னா நீ இங்க வர வேண்டாம்" என்றார். சத்தம் போடவில்லை, பையச் சொன்னார்.

ஆகஸ்ட் 2, சனி

ரெண்டு செய்தி. வாசித்தேன். அனுப்பினேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று காலை வேறொரு சேனலில் பஸ் விபத்துச் செய்தி. 'போதையில் ஓட்டுநர்?' என்று கேள்விக்குறி போட்டிருந்தார்கள். குடிகாரப் பயல் என்று மனசு உடனே சொல்லிவிட்டது. அந்தக் கேள்விக்குறியை நானே எத்தனை தடவை வாசித்திருக்கிறேன், அதற்குக் குரலே கிடையாது, முடிவான செய்தியாகத்தான் காதில் விழும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் நம்புகிறேன். அப்படியானால் பன்னிரண்டு லட்சம் பேரை என்ன சொல்ல.

செருப்பை மாட்டிக்கொண்டு நேரே கோமு வீட்டுக்குப் போனேன். அவளும் மணிராஜும் இருந்தார்கள். உட்காரக்கூட இல்லை. "கோமு, அதை வாசிச்சவ நான்தான்" என்றேன்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் முகத்தையே பார்த்தாள். "அன்னைக்கு இங்கன நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் போனீயளா?" என்றாள். ஆமாம் என்றேன். மணிராஜ்தான், "வீடியோவ அனுப்புங்கக்கா" என்றார். அவருக்கு என்மேல் கோபப்படக்கூட நேரமில்லை, அம்மாவைக் கூட்டிவர வேண்டும்.

அனுப்பிவிட்டேன். நாளைக்குக் காப்பகத்து அதிகாரியிடம் காட்டுகிறார்கள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அண்ணாச்சிக்குத் தெரிந்துவிட்டது. நானேதான் சொன்னேன். குழுவிலிருந்து எடுத்துவிட்டார். ஸ்டெபி என்று ஒரு புதுப்பெண் வாசிக்கிறாள். நல்ல குரல்.

ஆகஸ்ட் 9, சனி

என் பெயரைச் சொல்லி, தப்பு என்னுடையது என்று நானே பேசிப் போனில் எடுத்து, முழு வீடியோவோடு சேர்த்துப் போட்டேன். இதுவரை முந்நூற்றுப் பத்துப் பேர் பார்த்திருக்கிறார்கள். முதல் கருத்து: 'மகனிடம் எவ்வளவு வாங்கினாய்?'

ஆகஸ்ட் 14, வியாழன்

அதிகாரி நாலு நிமிஷத்தையும் பார்த்தாராம். 'ஊரே பார்த்துக்கிட்டிருக்கு, எனக்கும் பயம் இருக்கும்லாம்மா' என்றாராம் கோமுவிடம். ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டார். சுடலைவடிவு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார்! கோமு ஒரே வரியில் தகவல் அனுப்பியிருந்தாள். அதுவே பெரிசு. எனக்கு அழுகையாக வந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பத்து நாள் தயங்கிவிட்டு இன்று போனேன்.

மணிராஜ் கிண்ணத்தில் சோறு பிசைந்து அம்மா முன்னால் உட்கார்ந்திருந்தார். அம்மா வாங்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோமு கொடுத்தால் சாப்பிடுகிறாராம். காப்பகத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் 'டிவியில வந்தாவள்ல, அந்த ஆச்சி இவுகதான்' என்று அங்கே அவரைக் காட்டுவார்களாம். அவரை வைத்துக்கொண்டே செய்தியைப் போட்டும் காட்டுவார்களாம். தினமும், மூணு வாரமாக. ஏற்கெனவே ஞாபகம் கொஞ்சம் தடுமாறுகிற மனுஷி.

"நல்லா இருக்கியளாம்மா?" என்றேன்.

சட்டென்று நிமிர்ந்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "இந்தப் பிள்ளைதான்! டிவில எனக்காவ அழுதுச்சே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மகனைக் காட்டி, "இவன் என்னைத் தள்ளிட்டுப் போனதை நீதானம்மா சொன்ன" என்றார்.

இல்லம்மா என்றேன். நான் சொன்னது தப்பு, உங்கள் மகன் வண்டியை நிறுத்தத்தான் போனார், உங்களை ராத்திரி முழுக்கத் தேடினார் என்றேன். பொறுமையாகக் கேட்டார். என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"நீ நல்ல பிள்ள. அவனுக்குக் கஷ்டமா இருக்கும்னு மறைக்கிற."

கோமு எழுந்து உள்ளே போய்விட்டாள். மணிராஜ் சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "நாளைக்கும் வாங்கக்கா. நீங்க சொன்னாத்தான் கேப்பா" என்றார்.

காலையிலேயே போக வேண்டும்.