மூளைக்குக் கேட்ட சத்தம்

இன்று காலை காதுப் பரிசோதனைக்கு வந்தேன், அக்கா. வயர்களை ஒட்டுவதற்காகத் தலையில் அந்தக் களிம்பைத் தடவினார்கள். முடிக்குள் குளிர்ச்சி இறங்கி, மருந்து வாசனை மூக்கில் ஏறியதும், பக்கத்து நாற்காலியில் நீங்கள் இருப்பதுபோலத் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

நாம் முதலில் சந்தித்தது இந்த அறை வாசலில்தான். கும்மிடிப்பூண்டி கம்பெனியொன்றில் பேக்கிங் வேலை பார்த்த எனக்கு, மூளைக்காய்ச்சலில் காது போய் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பழவேற்காட்டுக்காரரான உங்களுக்கோ மகன் பிறந்த கையோடு வந்த காய்ச்சலில் போனது. அவன் வளர்ந்து துபாய்க்கே போய்விட்டான். இருவருக்கும் ஆபரேஷன் செய்து காதுக்குள் கருவி வைத்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. எனக்குப் பேச்சு மெல்லப் பிடிபட்டது. உங்களுக்கு எல்லாமே தகரத்தைச் சுரண்டுகிற சத்தம்.

அன்று உங்கள் தலையில் வயர்களை ஒட்டி, "பா, தா" என்று திரும்பத் திரும்ப ஒலிக்க வைத்தார்கள். டாக்டரம்மா திரையில் அலைகளைக் காட்டி, உதடு தெரியும்படி நிதானமாகச் சொன்னார்: "சத்தம் உங்க மூளைக்கு நல்லாவே போவுதும்மா. அதை வார்த்தையா பிரிக்கத்தான் பழகணும். ரொம்ப வருஷம் கேக்காம இருந்துட்டீங்கல்ல?"

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "மூளைக்குக் கேக்குதாம், எனக்குத்தான் கேக்கல. அது இன்னாத்துக்கு என்கிட்ட சொல்லாம மறைச்சுக்கினு கீது?" சிரித்தபடிதான் கேட்டீர்கள். கண் நிறைந்திருந்தது. மகனின் குரல் என்று நீங்கள் கேட்டிருந்தது, பிறந்தபோது அவன் அழுத அழுகை மட்டுமே.

அதன் பிறகு ஞாயிறுகளில் பூசை முடிந்ததும் பஸ் பிடித்து உங்கள் வீட்டுக்கு வருவேன். உங்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்வேன். 'மீன்' என்றால் 'தேன்' என்பீர்கள். "பழவேற்காட்ல ஒக்காந்துக்கினு தேனாக்கா?" என்றால் அதுவும் புரியாது. திரும்பி என் உதட்டைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு வரும்.

அப்படி ஒரு ஞாயிறு, உங்கள் மகன் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டு, வழக்கம்போல் அவன் சொல்வதை உங்கள் முகம் பார்த்துத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வேலை, வெயில், ரூமுக்குப் புதிதாக வந்த ஆள். அடுத்து அவன் கேட்டதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் போனைப் பார்த்துச் சொன்னீர்கள்: "சாப்ட்டேன்டா. நீ சாப்ட்டியா?"

"இன்னா சொல்றான்?" என்று என்னிடம் கேட்டீர்கள்.

"அழுவுறான்க்கா."

பிறகு சொன்னீர்கள்: "எப்பவும் கேக்குறதுதானே, குருட்டாம்போக்குல சொல்லிட்டேம்பாங்க. சொல்லட்டும். எனக்குக் கேட்டுச்சு."

கடைசிவரை வெளியாள் பேச்சு உங்களுக்குப் பிடிபடவில்லை. மகன் பேச்சில் பாதியை மட்டும் என் துணையில்லாமலே கேட்டீர்கள். நெஞ்சுவலியில் போவதற்கு முந்தின வாரம்கூட அவனோடு நீங்களே பேசினீர்களாம்.

என் அம்மா பேசும்போது அவளுடைய பழைய குரல் இன்னும் குறுக்கே வந்து நிற்கிறது. கருவி தருவது அதற்கு ஈடாவதில்லை. உங்கள் குரலை நான் பழைய காதால் கேட்டதேயில்லை. கருவி தந்ததுதான் எனக்கு உங்கள் குரல். அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை, அக்கா. முழுசாக என்னிடம் இருக்கிறது.