உடனடிக் காரணம்

அக்டோபர் 3
காலை நடை இல்லை. வெளியே போக வேண்டாம் என்று வாட்ச்மேன் தடுத்துவிட்டார். கடலுக்கு அப்பால் தொடங்கிய சண்டை ஓயவில்லை. மகன் லுக்மான் வழக்கம்போல் ஜெபல் அலி துறைமுகத்துக்கு டூட்டிக்குப் போனான். "இது நடுநிலை நாடு வாப்பா. நம்ம மேல யாரு கை வைப்பான்?" என்றான். தலையாட்டினேன். வரலாற்று ஆசிரியனாக இருந்தவன் அப்படித் தலையாட்டலாமா?

அக்டோபர் 5
மருமகள் நஜீஹாவுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம். எங்கள் காயல்பட்டினத்தில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போவான். மருமகள் எங்கே இருப்பது என்பதில் மாமனார் வாய் திறக்கும் வழக்கமே இல்லை. இங்கே துபாயிலோ ஒரே ஃப்ளாட்டில் மூவரும் இருக்கிறோம்.

அவள் ஊருக்குப் போக வேண்டும் என்கிறாள். அவன், "எனக்கு லீவு கிடையாது. என் பிள்ளை முகத்த நான் போன்லயா பாக்கணும்?" என்கிறான். இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு."

நஜீஹா சிரித்துவிட்டாள். "மாமா ஐ.நா. சபை! ஆழ்ந்த கவலை தெரிவிப்பாங்கோ, அவ்வளவுதான்."

அக்டோபர் 6
கவலை உண்மைதான். தூக்கம் இல்லை.

அக்டோபர் 8
லுக்மானோடு வேலை செய்யும் அழகுமலை வந்தார். "கப்பலே வரல சார். கிரேன் எல்லாம் கொக்கு மாதிரி நிக்குது."

வகுப்பில் முதல் உலகப் போர்ப் பாடம் நடத்தும்போது அடிப்படைக் காரணங்கள், உடனடிக் காரணம் என்று பிரித்து எழுதச் சொல்வேன். கூட்டணிகள், ஆயுதப் போட்டி, தேசவெறி – பிறகு இளவரசர் கொலை. ஒதுங்கியிருந்த அமெரிக்கா இறங்கியதற்கும் அப்படியே: வணிகம், கொடுத்த கடன் – பிறகு மூழ்கிய கப்பல்கள். சரியாக ஒப்பித்தவனுக்கு முழு மதிப்பெண். அந்த உடனடிக் காரணம் வரும்வரை வீடுகளுக்குள் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்று ஒருவனும் கேட்டதில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அக்டோபர் 10
இதுவரை ஒதுங்கியிருந்த ஒரு நாட்டின் எண்ணெய்க் கப்பல் எரிந்தது. பிற்பகலில் அந்த நாடும் போரில் இறங்கிவிட்டது. "அது அவங்க, நாம இல்ல" என்றான் லுக்மான்.

மாதம் ஏறினால் நஜீஹாவை விமானத்தில் ஏற்ற மாட்டார்களாம். போ என்று சொல்லலாமா? சொல்லி, வானத்தில் வைத்து ஏதாவது ஆகிவிட்டால்? யா அல்லாஹ், நான் யாரு சொல்றதுக்கு?

அக்டோபர் 11
பிற்பகல் அஸர் தொழுகையில் எத்தனை ரக்அத் முடிந்தது என்ற கணக்கு மறந்து மறுபடி தொழுதேன். எழுந்து ஹாலுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்: "நஜீஹா போகட்டும். நாளைக்கே."

"நீங்களுமா வாப்பா? கடைசில அவ பக்கம் சேந்துட்டீங்களா?"

"ஆமா. சேந்துட்டேன்."

காரணம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. லுக்மான் கதவைச் சாத்திக்கொண்டான்.

"நீங்களும் வாங்கோ மாமா" என்றாள் நஜீஹா. போகத்தான் ஆசை. "அவன் தனியா இருப்பான்மா" என்றேன்.

அக்டோபர் 13
திருவனந்தபுரத்தில் இறங்கிவிட்டாள். அல்ஹம்துலில்லாஹ். மாலையில் இங்கே விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். லுக்மான் என்னோடு பேசுவதில்லை.

அக்டோபர் 16
இந்த நாடும் இறங்கிவிட்டது. மதியம் அபாய எச்சரிக்கை வந்து போன்கள் ஒன்றாக அலறின. ஜன்னல் இல்லாத இடம் குளியலறை ஒன்றுதான். தரையில் போய் உட்கார்ந்தேன். கட்டடம் ஒருமுறை அதிர்ந்தது. லுக்மான் முதலில் தங்கள் படுக்கையறைக்குள் ஓடினான். வெறும் கட்டிலைப் பார்த்திருப்பான். பிறகு குளியலறை வாசலில் வந்து நின்றான். உதடு வெளுத்திருந்தது.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கோ வாப்பா."

தள்ளி உட்கார்ந்தேன்.