தோள்காரருக்குப் புள்ளி கிடையாது

டுலூத், மின்னசோட்டா
அக்டோபர் 4, 1981

அன்புள்ள அண்ணன் ஆர்விட்டுக்கு,

நலம். இங்கே ஏரிக்காற்று இப்போதே காதைக் கடிக்கிறது. நீ அனுப்பிய கிரிங்கிள் பலகாரம் உடையாமல் வந்தது. எங்கள் துறைமுக அலுவலகத்தில் ஒரே நாளில் தின்று தீர்த்துவிட்டார்கள். இனிப்பைக் கொடுத்து என் வாயை அடைத்துவிடலாம் என்று நினைக்காதே.

நான் ஏன் உன் பகடை ஆட்டத்துக்கு வருவதில்லை என்று அம்மாவிடம் கேட்டாயாம். என்னிடம் கேட்டிருக்கலாம். மார்ச்சில் உன் வீட்டு நிலவறையில், உன் மேசையில், என் இல்வாரா செத்தாள். மூன்று வருடம் உன் கற்பனைச் சுரங்கங்களில் நான் அவளாகவே பேசி ஆடிய பாத்திரம். விஷ முள் குத்தியது, பகடை நான்கு காட்டியது, போய்விட்டாள். அதற்குக் கோபமில்லை. பிறகு கூட ஆடும் ஓரின் சொன்னானே, "பூட்ஸ் எனக்கு, வில்லு வெண்டலுக்கு, கெளம்புங்கப்பா!" என்று, அதற்குத்தான். மூழ்கிய மடத்தின் அடித்தளத்தில் அவளை வெறுங்காலோடு போட்டுவிட்டு வந்தார்கள். ஆட்டத்தை நடத்தும் நடுவர் நீ. வாயே திறக்கவில்லை.

அதனால் புதிதாக ஒரு பாத்திர வகை செய்திருக்கிறேன். வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன், இனிமேல் தோள்காரர். விழுந்தவரைத் தூக்கி வெளியே கொண்டுவருவதே அவர் தொழில். உயிர்ப்புள்ளி தீர்ந்தவரை உடனே தொட்டுத் தூக்கினால், வெளியே வரும்வரை உயிர் பிரியாது. இரண்டு கையும் சுமைக்கே சரி, ஆயுதம் கிடையாது. தூக்கிவந்த ஒவ்வொரு ஆளுக்கும் இருநூறு அனுபவப் புள்ளி, அதை வைத்து அவர் படி ஏறலாம். இதை உன் மேசையில் சேர்த்துக்கொள். இல்லையென்றால் என் நாற்காலியில் வேறு யாரையாவது உட்கார வை.

தங்கை,
மார்லிஸ்

ரசீன், விஸ்கான்சின்
அக்டோபர் 19, 1981

அன்புத் தங்கைக்கு,

உன் கோபம் வந்து சேர்ந்தது. தபால்தலை கூடக் கோணலாக ஒட்டியிருந்தது.

செத்தால் செத்ததுதான். அந்தப் பயம் இருந்தால்தான் ஒரு கதவைத் திறப்பதற்கு முன் நாலு பேர் யோசிப்பார்கள். உன் ஆள் வந்து எல்லோரையும் காப்பாற்றினால் என் சுரங்கம் பூங்காவாகிவிடும். ஆனாலும் நீ கேட்டாயே என்று வெண்டலிடம் கொடுத்து ஒரு வெள்ளிக்கிழமை ஆடிப் பார்த்தோம். ஒரு மணி நேரம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு ஓரின், "டேய் வெண்டல், என்னைக் குழிக்குள்ள தள்ளி விட்டுத் தூக்குடா, இருநூறு சும்மா வருது!" என்றான். அவனைத் தள்ளித் தூக்கி, மறுபடி தள்ளித் தூக்கி, ஒரு பூதத்தைக் கூடப் பார்க்காமல் வெண்டல் மூன்றாம் படிக்குப் போய்விட்டான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

பாவம் உன் தோள்காரர்.

ஆர்விட்

டுலூத்
நவம்பர் 1, 1981

அண்ணா,

கடிதத்தைப் படித்து நானும் சிரித்தேன், அதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு விதி எழுதிய என் பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுத உட்கார்ந்தேன்.

சுமக்கும்போது ஆட்டத்தின் ஒவ்வொரு சுற்றிலும் தோள்காரர் தன் உயிர்ப்புள்ளி ஒன்றை இழப்பார். உன் பயம் பத்திரமாக இருக்கும், கவலைப்படாதே. அனுபவப் புள்ளி அவருக்கு அறவே இல்லை. தங்கம் கொண்டுவந்தாலும் இல்லை, பூதத்தைக் கொன்றாலும் இல்லை. அவர் தூக்கிவந்தவர் பிழைத்து, ஆடி, தன் முயற்சியில் ஒரு படி ஏறினால், அன்றைக்குத் தோள்காரரும் ஒரு படி ஏறுவார். வேறு வழியே கிடையாது.

இப்போது தள்ளிவிட்டுத் தூக்கச் சொல் பார்ப்போம்.

மார்லிஸ்

ரசீன்
நவம்பர் 16, 1981

அன்புள்ள மார்லிஸ்,

இதில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்க வேண்டும் என்று இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன். கிடைக்கவில்லை. இத்தனை வருடம் நடுவராக இருந்தும் இப்படி ஒரு விதி எனக்குத் தோன்றியதில்லை. என் தங்கை செய்தது என்று என் கடையில் பகடை வாங்க வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறேன். பெருமையாக இருக்கிறது.

ஆனால் ஆட ஆள் இல்லை. ஓரின், "புள்ளியே இல்லாத பொழப்பு எவனுக்கு வேணும்? ஒன் தங்கச்சியையே வந்து சொமக்கச் சொல்லு" என்கிறான். வாயேன். நீயே ஆடு.

ஆர்விட்

டுலூத்
நவம்பர் 23, 1981

அண்ணா,

நான் ஆடினால் அது என் பொம்மையாகிவிடும். இல்வாராவை விட்டுவிட்டு வந்தவர்களில் ஒருவர் தானாகக் கேட்டு எடுக்க வேண்டும். அதுவரை ஆட்டத்தைப் பற்றி எழுதாதே. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது.

மார்லிஸ்

ரசீன்
ஜனவரி 17, 1982

அன்புத் தங்கை மார்லிஸுக்கு,

அம்மாவின் முழங்கால் தேவலை. இனி ஆட்டத்தைப் பற்றி எழுதலாம்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஓரினின் வீரன் செத்தான். அவன் தன் பாத்திரத் தாளை மடிப்பதற்குள் வெண்டல், "கோடாரி எனக்கு!" என்றான். ஓரின் வெகுநேரம் பகடையையே உருட்டிக்கொண்டிருந்தான். போன வெள்ளிக்கிழமை புதுப் பாத்திரத்துக்குப் பகடை போட்டான். பலம் பதினேழு விழுந்தது. "தோள்காரர்னு எழுதிக்கோ. ஒண்ணும் கேக்காத" என்றான்.

எல்லோரையும் இழுத்துக்கொண்டு மூழ்கிய மடத்துக்குத்தான் போனான். அடித்தளத்தில் இல்வாரா கிடந்தாள். பக்கத்திலேயே ஒரு பேழை நிறையத் தங்கம் வைத்திருந்தேன், என் புத்தி அப்படி. வெண்டல் கெஞ்சினான், "பொட்டியத் தூக்குடா, எங்களுக்காவது புள்ளி வரும்." நானும் விதியை நினைவுபடுத்தினேன்: "செத்தவ இனிமே படி ஏற மாட்டா. இவளத் தூக்கினா ஒனக்கு எப்பவுமே ஒண்ணும் வராது."

"தெரியும்யா. மொதல்ல பூட்ஸ அவளுக்கு மாட்டி விடுறேன்" என்றான். செத்துப்போன தன் வீரனின் மூட்டையிலிருந்து அதை எடுத்து வைத்திருந்திருக்கிறான்.

மார்ச்சிலேயே நான் சொல்லியிருக்க வேண்டியதை உன் விதி எனக்குச் சொல்லிக்கொடுத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அம்மாவிடம் சொல்லாதே.

மடத்து வாசலுக்கு வந்துவிட்டார்கள். எங்கே புதைப்பது என்று அவளாக ஆடிய நீதான் சொல்ல வேண்டும் என்று ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டேன். ஓரின் அவளை இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை.

உன் அண்ணன்,
ஆர்விட்

டுலூத்
ஜனவரி 21, 1982

அண்ணா,

கடிதத்தை அலுவலகத்தில் படித்துவிட்டு, கப்பல் கணக்கு எழுதுகிற பெண்ணைப் பிடித்து உட்காரவைத்து முழுவதும் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் செய்த வகை அது என்பது மட்டும் புரிந்தது. அது போதும்.

ஓரினிடம் இறக்க வேண்டாம் என்று சொல். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். என் நாற்காலியைத் துடைத்து வை.

மார்லிஸ்