பதினைந்தாவது குச்சி

சான் ஹுவான் கபிஸ்த்ரானோ,
ஞாயிறு காலை.

அன்புள்ள ஒலாயாவுக்கு,

உன் அண்ணி அடேலா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அலாஸ்காக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய்? பொட்டலத்தைப் பிரித்ததும் ஒரு குச்சி விழுந்திருக்குமே, அதைப் பார்த்து அண்ணிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துவிடாதே. அது எதற்கென்று பிறகு சொல்கிறேன். பொறுமையில்லாமல் கடைசிப் பக்கத்துக்குத் தாவினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

இந்த வருஷம் ஓக் கொட்டை நன்றாகக் காய்த்தது. போன வருஷத்துக் கொட்டையை இடித்துக் கூழ் காய்ச்சினேன். அவசரத்தில் தண்ணீர் போதுமான தடவை ஊற்றாததால் கசப்பு போகவில்லை. உன் சின்னண்ணன் குறையே சொல்லாமல் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். என்மேல் பிரியம் என்று எண்ணிப் பூரித்தேன். காப்பி என்று நினைத்துப் பருப்புத் தண்ணீரைக் குடிப்பவர்தானே என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று புத்துயிதெமில் கூடினோம். நம் ஆதி ஊர் இருந்த அந்த இடத்தில், நீ போன பிறகு, வில்லோ மரக் கழி வளைத்துக் குடில் கட்டியிருக்கிறார்கள். உன் கண்ணால் பார்க்க வேண்டும். சின்னவர்கள் ஒரு சூழ்ச்சி செய்திருந்தார்கள். வாஷிங்டன் அரசாங்கம் இன்னும் அங்கீகரிக்காத நம் பழங்குடிச் சபை இரண்டாக உடைந்த நாளிலிருந்து ஒரு பக்கத்தார் இருக்கும் இடத்தில் மறு பக்கத்தார் தலைகாட்டுவதில்லை அல்லவா? இந்தப் பக்கத்தாரையும் அந்தப் பக்கத்தாரையும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அழைத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்து உன் பெரியண்ணன் பசீலியோ வண்டியிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் இவர் காப்பிப் பானைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

மதியம் எலும்பு ஒளிக்கும் ஆட்டம் தொடங்கியது. அந்தப் பக்கம் நால்வர் கம்பளியைப் பல்லால் கடித்துக்கொண்டு, அதன் மறைவில் வெள்ளை எலும்பையும் கறுப்பு எலும்பையும் கை மாற்றி மாற்றி ஒளித்தார்கள். வெள்ளை எலும்பு எந்தக் கையில் என்று நம் ஆட்கள் சொன்னதெல்லாம் தப்பு. பெரியண்ணன் கையை ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்கள் வீட்டுப் பெண்கள் பாட்டிலேயே எங்களை வறுத்தெடுத்தார்கள். என் கூழையும் விடவில்லை! தப்புக்கு ஒரு குச்சி என்று பதினைந்து குச்சியில் பதினான்கு அங்கே போய்விட்டது. நடுவர் சில்வானோ கையில் மிச்சம் ஒன்றுதான், அதுவும் போனால் நாங்கள் தோற்றோம்.

அப்போது சில்வானோ இவரைப் பார்த்து, "ஃபெர்மின், பானையக் காவல் காத்தது போதும், யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க. வந்து உக்காரு" என்று கத்தினான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் வந்து அண்ணனுக்கு நேரே உட்கார்ந்தார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு இருவரும் முகம் பார்க்கிறார்கள். பாட்டு நின்றுவிட்டது. இவர் யோசிக்கக்கூட இல்லை, "இடது" என்று கைகாட்டினார்.

இடதுதான். பெரியண்ணன் வாயிலிருந்து கம்பளி நழுவியது. "டேய், எப்படிடா கண்டுபிடிச்ச?" என்றார்.

"சின்ன வயசுல மிட்டாய ஒளிச்சு ஏமாத்துவியே, அப்பவே ஒளிச்ச பக்கம் தோளு லேசா ஏறும். இன்னும் அப்படியேதான் இருக்கு அண்ணே."

"அப்ப தெரிஞ்சே தோத்தியா?"

"அழுதா ரெண்டு மிட்டாய் குடுப்பியே, அதான்."

சில்வானோவுக்குச் சும்மா இருக்க முடியுமா? "வாஷிங்டன்காரனுக்கு நம்மள அடையாளம் தெரியலன்னா போகட்டும், தம்பிக்கு அண்ணன் தோளு தெரியுது!" என்றான். சிரிப்பில் யார் எந்தப் பக்கம் என்று தெரியாமல் கலந்துவிட்டோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது ஒலாயா, சந்தோஷத்தில்.

அதன்பின் ஆட்டமாவது ஒன்றாவது! இரண்டு பேரும் பழைய திருட்டுத்தனங்களைச் சொல்லிச் சொல்லிச் சண்டை. ஆட்டத்தை முடியுங்களப்பா, ஒரு குச்சி பாக்கியிருக்கிறது என்று சில்வானோ கெஞ்சினான். ஒலாயா வரட்டும், எங்கள் இருவரையும் ஜெயித்தவள் அவள் ஒருத்திதான் என்றார்கள். அதை முதலில் சொன்னது யார் என்று இன்னும் தகராறு தீரவில்லை.

அந்தக் குச்சிதான் இது. அண்ணன்கள் இருவரும் பேசும் நாளில்தான் இந்த ஊரில் கால் வைப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். பேசிவிட்டார்கள் அம்மா, இப்போது வாயை மூடவைக்கத்தான் ஆள் தேவை. குச்சியைத் தபாலில் திருப்பி அனுப்பாதே. உன் கையால் கொண்டு வா. இவர் காலையிலிருந்து உன் அறை ஜன்னலைத் துடைக்கிறார். கேட்டால் தூசி என்கிறார்.

நம் முன்னோர் உன் வழிக்குத் துணையிருக்கட்டும். வரும்போது கூழ் கசக்காமல் காய்ச்சி வைப்பேன், சத்தியம்.

வாசலைப் பார்த்தபடி,
உன் அண்ணி
அடேலா

பி.கு.: பொட்டலத்தின் மேலட்டையைக் கிழித்தெறிந்திருந்தால் எடுத்துப் பார். உன் பெயர் பெரியண்ணன் கையெழுத்து. கீழே ஊர்ப் பெயர் சின்னண்ணன் எழுதியது.