கொக்கியில் தொங்கும் சாவி

கோரமண்டல்,
கோலார் தங்க வயல்.
6 அக்டோபர் 2025, திங்கள், இரவு 9.20

ஷோபா,

நான் ஜெர்மனியை விட்டுக் கிளம்பி இன்றோடு 142 நாள். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் என் விசா செத்துவிடும். அதற்கு இன்னும் 42 நாள் இருக்கிறது. நேற்று ஃபோனில் நாம் பேசியது பதினொரு நிமிடம். அதில் ஒன்பது நிமிடம் நான்தான் பேசினேன் என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாய். "இனிமே ஃபோன் பண்ணாதீங்க. எழுதுங்க. எழுத்துல நீங்க என் வாயை அடைக்க முடியாது" என்றாய். சரி, மெயிலில் எழுதுகிறேன்.

உன் கேள்வி ஒன்றுதான். வருவேனா, மாட்டேனா? அம்மாவின் முழங்கால் ஆபரேஷனுக்காகத்தான் வந்தேன். நவம்பர் கடைசியில் மறுபடி பார்க்கவேண்டும் என்று கோலாரில் டாக்டர் சொல்கிறார். விட்டுவிட்டு எப்படி வருவது?

வந்துதான் என்ன செய்வது? அங்கே இருந்த ஏழு மாதத்தில் என் பெயரை எங்கேயும் பார்த்ததில்லை. வாசல் மணியில் உன் பெயர். வாடகை ஒப்பந்தத்தில் உன் பெயர். காலை ஐந்தரைக்கு நீ ஆஸ்பத்திரி வேலைக்குப் போனால் திரும்ப மணி மூன்று. அதுவரை முப்பத்தெட்டு சதுர மீட்டருக்குள் நான். ஜன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் நேற்றைய ரசத்தின் வாசனை. குப்பை போட நாலு டப்பா. எதை எதில் போடுவது என்பதற்கே ஒரு டிப்ளமா வேண்டும். சாவி மாட்ட கதவுக்குப் பக்கத்தில் இரண்டு கொக்கி வைக்கலாம் என்று டிரில் போட்டேன். இரண்டே ஓட்டை. ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக் கூடாதாம். கீழ்வீட்டு அம்மாள் ஏறி வந்து கத்தினாள். ஒரு சொல் புரியவில்லை. பள்ளிக்கூடப் பையன் மாதிரி "சாரி சாரி" என்று நின்றேன். சுரங்கத்தில் டிரில் பிடித்துச் சோறு தின்ற ஊர் நம்முடையது, ஷோபா.

எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

ரூபேஷ்

*

ப்ரெமன்,
ஜெர்மனி.
9 அக்டோபர், வியாழன்

என் கோபக்காரருக்கு, அன்புடன்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வெளியே போகும்போது மஃப்ளர் கட்டிக்கொள் என்று நீங்கள் சொல்லாததுதான் குறை, கட்டிக்கொண்டுதான் போகிறேன். சளி விட்டுவிட்டது.

நேற்று அத்தையோடு பேசினேன். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"முட்டிக்கு இன்னாம்மா? ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்கு நேத்து நடந்தே போய்க்கினு வந்தேன். இவன்தான் ஒரு தினுசா கீறான். தெனம் காலையில டிபன் பாக்ஸ எடுத்துக்கினு வண்டி ஏறுறான். பெங்களூர்ல வேலைன்றான். இன்னா வேலைடான்னு கேட்டா கத்துறான். உங்கிட்டயாச்சும் சொன்னானா?"

"ஆமாம் அத்தை, சொன்னார்" என்றேன். எனக்குப் பொய் வராது, உங்களுக்குத் தெரியும்.

இப்போது அந்தக் கொக்கியைப் பற்றி. மே 17, காலை. நான் குனிந்து ஷூ போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் பெட்டியை வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்து, உங்கள் சாவியைக் கொக்கியில் மாட்டினீர்கள். சத்தம் வராமல், மெதுவாக. கதவையே அறைந்து சாத்துகிற ஆள் நீங்கள். நான் பார்த்துவிட்டேன்.

எங்க அப்பா சுரங்கத்தில் இருந்தபோது டோக்கன் பலகை பற்றிச் சொல்வார். கேஜ் என்கிற லிஃப்டில் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர் தன் நம்பர் டோக்கனை எடுத்துக்கொண்டு போவார். ஏறி வந்ததும் மாட்டுவார். கொக்கி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறார், அவருக்காகக் காத்திருக்கவேண்டும். டோக்கன் தொங்கினால் அவருக்கு ஷிஃப்ட் முடிந்தது, வீட்டுக்குப் போய்விட்டார், யாரும் தேட வேண்டாம்.

அத்தையின் முழங்காலுக்காக நீங்கள் போகவில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். ஏர்போர்ட்டில் கையாட்டினேன். வந்து துணி துவைத்தேன். நூற்று நாற்பத்தைந்து நாளாக அந்தச் சாவி அங்கேயே தொங்குகிறது. தூசி தட்டுகிறேன். எடுக்கவில்லை.

நீங்கள் மட்டும்தான் அடைபட்டுக் கிடந்ததாக எழுதியிருக்கிறீர்கள். வார்டில் ஒரு தாத்தா, நான் பேசுவது புரியவில்லை என்று தினமும் வேறு நர்ஸைக் கூப்பிடச் சொல்கிறார். அவர் புண்ணைத் துடைத்துக் கட்டிவிட்டு, பாத்ரூமில் நின்று முகம் கழுவிக்கொண்டு வருவேன். உங்களிடம் சொல்லத்தான் மூன்று மணிக்கு ஓடி வருவேன். அதற்குள் நீங்கள் ஆரம்பித்துவிடுவீர்கள்.

சாப்பிடுங்கள். பிளாட்ஃபாரம் வடை வேண்டாம், உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது.

ஷோபா

*

பங்காருபேட்டை ஸ்டேஷன், இரண்டாவது பிளாட்ஃபாரம்.
13 அக்டோபர், காலை 8.05

ஷோபா,

வேலை எதுவும் இல்லை. மூன்று மாதமாக வண்டி ஏறுகிறேன், பெங்களூர் வரை போகாமல் பங்காருபேட்டையிலேயே இறங்கி பெஞ்சில் உட்காருகிறேன், சாயங்கால வண்டியில் வீட்டுக்குப் போகிறேன். வீட்டில் இருந்தால் எங்கள் லைன் வீடுகளில் ஒருவர் விடாமல் "எப்பப்பா போறே?" என்று கேட்கிறார்கள். வண்டியிலும் விடவில்லை. மனோகர் அண்ணன் செட் சீட்டாடுகிற பெட்டியில்தான் உட்காருவேன். போன வாரம் அவர், "இன்னா ஜெர்மன் மாப்ளே, உன்ன ரிட்டர்ன் பண்ட்டாங்களா? வாரண்டி கீதா பாரு!" என்றார். பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பழைய கம்பெனியில் கேட்டேன். என் இடத்துக்கு ஆள் போட்டுவிட்டார்கள். இதைக் கேட்கத்தானே காத்திருந்தாய்?

சாவி விஷயம். தொலைந்தால் கட்டடம் முழுக்கப் பூட்டு மாற்றவேண்டும் என்று வாடகை ஒப்பந்தத்திலேயே வீட்டுக்காரன் போட்டிருக்கிறான். பாதுகாப்புக்காக வைத்துவிட்டு வந்தேன். டோக்கன் கீக்கன் என்று கதை கட்டாதே.

ஆஸ்பத்திரி லாண்ட்ரியில் வேலை இருக்கிறது, மொழி அதிகம் வேண்டாம் என்று ஒருநாள் வந்து சொன்னாயே. சி.என்.சி. மெஷினைப் பிரித்துப் பூட்டுகிறவன் நான், மெஷினில் துணி போடுகிறவன் இல்லை என்றேன். நீ முட்டையை உரித்துக்கொண்டே இருந்தாய். அன்றைக்கு நீ திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், முடிந்திருக்கும்.

வடை தின்னவில்லை. அம்மா கட்டிக்கொடுத்த சோறு இருக்கிறது.

ரூபேஷ்

*

ப்ரெமன்,
17 அக்டோபர், வெள்ளி

உங்களுக்கு,

சாவியை இன்று ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். வழியில் தொலைந்தால் பூட்டு மாற்றுகிற பொறுப்பு என்னுடையது.

வருவதானால் நவம்பர் 17க்குள் வந்து கதவை நீங்களே திறந்துகொள்ளுங்கள். நான் ஏர்போர்ட்டுக்கு வரமாட்டேன், லீவும் போடமாட்டேன். வராவிட்டால் சாவியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். காரணம் எழுத வேண்டாம். என்னால் இதற்கு மேல் தூசி தட்ட முடியாது.

லாண்ட்ரிக்கு ஆள் எடுத்துவிட்டார்கள். தீபாவளியன்று எனக்குக் காலை ஷிஃப்ட். அத்தை கையால் என் சார்பிலும் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு குளியுங்கள்.

ஷோபா

*

கோரமண்டல்,
28 அக்டோபர், செவ்வாய், இரவு 8.10

ஷோபாவுக்கு,

சாவி வந்துவிட்டது. அம்மாதான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாள். நான் வந்ததும் உறையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"இன்னாடா இது, சாவியா? எந்த வூட்டு சாவி?"

"எங்க வூட்டு சாவி."

"உன் வூட்டு சாவிய நீ ஏண்டா அங்க வுட்டுட்டு வந்தே?"

பூட்டு, ஒப்பந்தம் என்று உன்னிடம் சொன்னதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அப்போ தெனம் நான் கட்டிக்குடுத்த சோத்த எவன்டா துன்னான்?" என்றாள்.

"நான்தான். பங்காருபேட்டை பிளாட்ஃபாரத்துல."

"மூணு மாசமா நாலு மணிக்கு எழுந்திரிச்சேன்டா, பாவி!" என்று உறையாலேயே தலையில் அடித்தாள். நாலு மணிக்கு எழுந்து நின்று சமைத்த அவள் முழங்காலைத்தான் நான் உனக்குக் காரணமாகக் காட்டினேன்.

நீ பார்த்தது சரி. சத்தம் வராமல்தான் மாட்டினேன். பூட்டுக்காக இல்லை.

வந்தால் சந்தோஷமாக இருப்பேன் என்று எழுத மாட்டேன். அங்கே மூச்சு முட்டியது. இங்கே வந்தால் விடும் என்று நினைத்தேன். விடவில்லை. அங்கே முப்பத்தெட்டு சதுர மீட்டர், இங்கே ஒரு பெஞ்சு. அங்கே மூன்று மணிக்கு நீ வருவாய். இரண்டுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு 164 நாள் ஆகியிருக்கிறது. இன்னும் 20 நாள் இருக்கிறது. இனி செய்யப்போவது:

1. நாளைக் காலை வண்டியில் மனோகர் அண்ணனிடம், எனக்கு வேலை இல்லை, இத்தனை நாள் சும்மா வந்தேன் என்று நானே சொல்வேன். சிரிக்கட்டும்.

2. நவம்பர் 8, சனிக்கிழமைக்கு டிக்கெட் இன்றே எடுப்பேன். வந்து சேரும்போது ஞாயிறு. டிரில்லைத் தொட மாட்டேன்.

3. கீழ்வீட்டு அம்மாளிடம் ஜெர்மனில் மன்னிப்பு கேட்பேன். வாக்கியம் எழுதி வைத்திருக்கிறேன். உச்சரிப்பு மட்டும் நீ திருத்து.

4. லாண்ட்ரி போனால் போகட்டும். பாத்திரம் கழுவுகிற வேலையானாலும் போவேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன், அதை மட்டும் பொறுத்துக்கொள்.

5. அந்த வார்டு தாத்தாவைப் பற்றி நீ முழுதாகச் சொல்லவேண்டும். குறுக்கே பேசினால் எழுந்து போய்விடு.

6. கதவை நானே திறப்பேன். சாவி என் பாக்கெட்டில்தான் இருக்கும். கொக்கி காலியாகக் கிடக்கட்டும். ஆள் இன்னும் கீழேதான் இருக்கிறான் என்று வைத்துக்கொள்.

ரூபேஷ்