இடது பாக்கெட் கத்தி

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். சயனைடு மேடு, பழைய தங்க மைனின் கழிவு மண், மூட்டத்தில் காணோம். துணி துவைத்தால் காயாது. அதனால் துவைக்கவில்லை. மழைக்கு நன்றி.

மடக்குக் கத்தியைப் பிரித்துப் போட்டேன். பழைய பேப்பர் விரித்து, அதன் மேல். மொத்தம் ஆறு ஸ்க்ரூ. ஒன்று கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது. அரை மணி நேரம் தரையில் படுத்துத் துழாவினேன். ஸ்க்ரூ கிடைத்தது. கூடவே மல்லிகாவின் ஹேர்பின் ஒன்று. நாலு வருஷமாக அங்கேயே கிடந்திருக்கிறது. நான் வீடு பெருக்கும் லட்சணம். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், எதற்கென்று தெரியவில்லை.

மல்லிகா (இனிமேல் ம. என்று எழுதினால் போதும், மை மிச்சம்) வர இன்னும் இருபது நாள். 23-ம் தேதி. குவைத்துக்குச் சமையல் வேலைக்குப் போன பிறகு முதல் லீவு. மகள் கல்யாணத்துக்காக ரெண்டே வருஷம் என்று சொல்லிப் போனாள். மகளுக்குக் கல்யாணமும் ஆகி, பேரனுக்குப் பல்லும் முளைத்துவிட்டது. கல்யாணத்துக்குக்கூட அவளை விடவில்லை, போனில் பார்த்தாள்.

கத்தி அவளுக்குத்தான். மூடினால் ஆள்காட்டி விரல் நீளம். சண்டே பஜாரில் பார்த்தது, கையில் எடுத்ததும் பிடித்துப்போனது. ஆனால் கடைக் கத்தி எல்லாம் வலது கைக்காரனுக்குச் செய்தது. ம. இடது கை. கல்யாண வீட்டில் பரிமாற விடமாட்டார்கள், அவ்வளவு இடது கை. அங்கே குவைத் வீட்டிலும் கத்தரிக்கோல் முதல் டின் திறக்கிறது வரை எல்லாம் வலது கைக்கு. தனக்கென்று ஒரு கத்தி இருந்தால் நன்றாக இருக்கும் என்று போன வருஷம் சொன்னாள். சொன்னதை அவள் மறந்திருப்பாள்.

இதைக் கொடுத்தால், எடுத்துக்கொண்டு திரும்பிப் போவாளா, இதை வைத்துக்கொண்டு இங்கேயே உட்கார்ந்துவிடுவாளா? ரெண்டாவதுக்காகத்தான் இத்தனை அலங்காரம். இங்கே எழுதியதோடு சரி. யாரிடமும் சொல்லவில்லை.

செய்ய வேண்டியது:
பாக்கெட்டில் மாட்டுகிற கிளிப் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம். புது ஓட்டை மூன்று. (ராஜியைக் கேட்க)
கட்டைவிரலால் தள்ளித் திறக்கிற குமிழ், அதுவும் மாற்ற.
பிளாஸ்டிக் பிடி வேண்டாம். மரம்.
சாணை.
கோதுமை மாவு, ஆதார் ஜெராக்ஸ், மூட்டு வலித் தைலம்.


ஆகஸ்ட் 4, திங்கள்

தூறல் விட்டது. குளிர். சாம்பியன் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன், இடம் கிடைத்தது, ஜன்னல் கிடைக்கவில்லை.

பிரித்ததை மறுபடி பூட்டி இடது பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். ம.வின் கைக்கு எது இடிக்கும், எது வழுக்கும் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? அதனால் இன்று முதல் எல்லாம் இடது கையால். கொய்யாக்காய் வெட்ட எடுத்தேன். மாமியார் வீட்டுக்கு முதல் தடவை போனவன் மாதிரி தடுமாறினேன். கட்டைவிரலில் வெட்டு. சின்னதுதான். மிளகாய்ப்பொடி பட்டதும் பெரியதானது.

எதிரே ராஜி. பக்கத்து நந்திதுர்க் மைன் பையன், பெங்களூரில் டூல் ரூம் ஃபிட்டர். பையன் என்கிறேன், நாற்பது ஆகிறது.

"இன்னாண்ணா, வலது கைக்கு இன்னா லீவா?"

"அது வேலைக்குப் போற கை. இது வூட்டுக்காரி கை."

பெட்டியே சிரித்தது. ராஜி கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கிளிப் முடியும், குமிழும் முடியும். உள்ளே இருக்கும் பூட்டுத் தகட்டை மட்டும் மாற்ற முடியாதாம், அதை அண்ணி ஆள்காட்டி விரலால் தள்ளிக்கொள்ளட்டும் என்றான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னான், டிரில் மிஷின் இருக்கிறது.

பக்கத்து சீட்டில் ஒரு அம்மா போனில்: "உப்பு இல்லன்னா ஊறுகா தொட்டுக்கோ. அதுக்கு நான் இன்னா ரயில வுட்டு எறங்கி வரணுமா?"

கத்தி வாங்கிய நாளிலிருந்து மெட்ரோ கிடையாது. வாசலில் பையை மிஷினில் விடுகிறார்கள், பார்த்தால் பிடுங்கிக்கொள்வார்கள். ஒயிட்ஃபீல்டில் இறங்கி நான் வேலை செய்கிற கோடவுன் வரை நடை. நாற்பது நிமிஷம். தொப்பை இறங்குகிறது. 23-ம் தேதி ஏர்போர்ட்டில் ம. அடையாளம் தெரியாமல் என்னைத் தாண்டிப் போய்விடுவாள்.


ஆகஸ்ட் 6, புதன்

வெயில். ஒரு வாரம் கழித்து நிழல் பார்த்தேன். கோடவுனில் கரண்ட் வேலை, அரை நாளில் விட்டுவிட்டார்கள்.

மரத்துக்குப் பரணில் தேடினேன். ம.வின் பூரிக்கட்டை கிடைத்தது, ரெண்டு துண்டாக. பல்லியை அடிக்கப் போய் உடைந்தது. என் முதுகில் உடைந்ததாகத் தெருவில் பேச்சு. நான் மறுத்ததில்லை. ஒரு மரியாதையாக இருந்தது.

அவள் இடது கை பிடிக்கிற பக்கம் மட்டும் கறுத்து வழவழவென்று இருக்கிறது. எண்ணெயும் வேர்வையும் ஊறி. அந்தப் பக்கத்தில் இருந்துதான் ரெண்டு சில்லு அறுத்தேன். உப்புத்தாள் போட்டேன். எவ்வளவு தேய்க்க? அளவு யாரிடம் கேட்க? என் கைமேல் அவள் கையை வைத்தால் அவள் நடுவிரல் நுனி என் விரலின் மேல் மடிப்பு வரைக்கும் வரும். அந்த ஞாபகத்தை வைத்துத்தான் தேய்த்தேன். கண்ணை மூடிப் பிடித்துப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் தேய்த்தேன்.

ஒரு சில்லில் பழைய வெடிப்பு ஓடுகிறது. பல்லியின் சாபம்.


ஆகஸ்ட் 8, வெள்ளி

மதியம் ம. போன். வெள்ளிக்கிழமை அவளுக்கு ஒரு மணி நேரம் ஓய்வு. கோடவுனுக்குப் பின்னால் அட்டைப்பெட்டி அடுக்குக்கு மறைவில் நின்று பேசினேன். சாப்பாடு, சுகர் மாத்திரை, பேரன், அக்கா, எல்லாம் விசாரிப்பு.

"தலைக்கு டை அடிச்சியா மாமா?"

"நீ வர்ற நேரத்துல அடிக்கலாம்னு."

"அடிக்காத. எவனோ நிக்கிறான்னு போலீஸ கூப்ட்டுருவேன்."

விரலில் என்ன கட்டு என்று வீடியோவில் பார்த்துக் கேட்டாள். கொய்யா கடித்துவிட்டது என்றேன். கத்தியைப் பற்றி மூச்சு விடவில்லை. வயிற்றில் வைத்துக்கொள்ள முடியாமல் போனை வைத்த பிறகு தனியாகச் சிரித்தேன். செக்யூரிட்டி ஒரு மாதிரி பார்த்தார்.


ஆகஸ்ட் 10, ஞாயிறு

நந்திதுர்க், ராஜி வீடு. அவன் சம்சாரம் பணியாரம் கொடுத்தாள். ஒன்பது தின்றேன், ஆறு என்று சொல்லிக்கொண்டேன்.

ஓட்டை மூன்றும் சுத்தமாக விழுந்தது. கிளிப் மாறியது, குமிழும் மாறியது. மரச்சில்லு ஒட்டினோம். வெடிப்பு மட்டும் பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறது. மேலே பித்தளையில் ஏதாவது வட்டமாக வைத்து அறைந்தால் மரம் விடாது, அழகாகவும் இருக்கும் என்றான் ராஜி. எட்டணா அகலம் போதும்.

எனக்கு உடனே டோக்கன் ஞாபகம். நடந்து வீட்டுக்கு வந்து எடுத்துப் போனேன்.

அப்பாவின் மைன் டோக்கன், பித்தளை. நம்பர் 614. ஷிப்டுக்குக் கேஜில், அதாவது கூண்டு லிப்டில், இறங்குகிறவன் மேலே டோக்கனைக் கொடுத்துவிட்டு இறங்குவான். அது போர்டில் ஆணியில் தொங்கும். ஏறி வந்ததும் அவன் கையாலேயே எடுத்துக்கொள்வான். தொங்கினால் ஆள் இன்னும் கீழே. மைன் மூடியபோது அப்பா அதைப் பையிலேயே போட்டுக்கொண்டு வந்துவிட்டார், திருப்பிக் கேட்க ஆள் இல்லை. ம. குவைத் கிளம்பிய அன்று நான்தான் கேலிக்கு அதை வாசல் ஆணியில் மாட்டினேன். நீ அண்டர்கிரவுண்ட் போகிறாய், மேலே வந்து நீயே எடு என்றேன். அழுதுகொண்டிருந்தவள் சிரித்தாள். அதற்காகத்தான் மாட்டினேன்.

ராஜி டோக்கனை வெடிப்பு மேல் வைத்து, பசை போட்டு, ரிவிட் அடித்துத் தலையைத் தட்டிவிட்டான். நம்பர் வெளியே தெரிகிறது. ஆணியிலிருந்து எடுக்கும்போது ஒன்றும் தோன்றவில்லை. இன்னும் பதிமூன்று நாளில் வருகிறவள்தானே.


ஆகஸ்ட் 12, செவ்வாய்

கத்தி முடிந்தது. சாணையும் ஆனது. பேப்பரை நிற்க வைத்து வெட்டினால் சத்தமில்லாமல் ரெண்டாகிறது. இடது பாக்கெட் ஓரத்தில் கிளிப் மாட்டிக் கிடக்கிறது, இருப்பதே தெரியாது, ஆனால் தெரிகிறது. கட்டைவிரலால் ஒரு தள்ளு. டக். என் இடது கைக்கே இப்போது வருகிறது.

ரயிலில் கை மாறிக் கை மாறிப் போனது. ஒருவர் டோக்கனை நெடுநேரம் தடவிக்கொண்டிருந்துவிட்டுக் கொடுத்தார். அவர் அப்பாவும் மைனில் இறங்கியவர்தான்.

இன்று கொய்யா ஏழு, வெள்ளரி நாலு, ஒரு பெண்ணின் பூச்சர நூல்.

இன்னும் பதினொரு நாள்.


ஆகஸ்ட் 13, புதன்

சாயங்காலம் கமலாக்கா கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தாள். பக்கத்து லைன் வீட்டில் இருக்கிறாள், என் கூடப் பிறந்த அக்கா, என் வாய்க்குக் கடிவாளம் போட்ட ஒரே ஆள். கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்பினவள் வாசலில் நின்றுவிட்டாள்.

"இன்னாடா, ஆணி காலியா கீது?"

கத்தியை எடுத்துக் காட்டினேன். பெருமையாகத்தான். வாங்கிப் பார்த்தாள். மூடியபடியே திருப்பிக் கொடுத்தாள்.

"ஆளு இன்னும் மேல வரல. அதுக்குள்ள எட்த்துட்டியா?"

குவைத்தில் கேஜ் கிடையாது அக்கா, ஏரோப்ளேன்தான் என்றேன். சிரிக்கவில்லை. ஒரு தடவை அப்பா ஷிப்டில் யாரோ அவசரத்தில் பக்கத்து ஆணி டோக்கனைச் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். போர்டு காலி. எல்லாரும் ஏறிவிட்டார்கள் என்று கேஜை நிறுத்திவிட்டார்கள். கீழே ஒருவன் மணிக்கணக்காக மணியடித்துக்கொண்டிருந்தான். அப்பா சொன்னதை அக்கா எனக்குச் சொன்னாள், எனக்குத் தெரியாத மாதிரி. எனக்கும் தெரியும். சின்ன வயதில் ரெண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்துதான் கேட்டோம்.

குழம்பு நன்றாகத்தான் இருந்திருக்கும்.


ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு. மைதானத்தில் கொடி, பிள்ளைகளுக்கு மிட்டாய். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள், பல்லைப் பார்த்து மெதுவான மிட்டாய்.

ம. போன். குரலிலேயே தெரிந்தது. அவள் வேலை செய்கிற வீட்டு மேடத்தின் மகளுக்குக் குழந்தை முன்னாலேயே பிறந்துவிட்டது. இப்போது விட முடியாது, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். அப்புறம் என்றால் எப்போது என்றேன். அதைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களாம். பாஸ்போர்ட் அவர்களிடம்.

நான் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்க வேண்டும். அதுதான் இந்த வீட்டில் என் வேலை. குழந்தை நம்ம பேரனைவிட அழகா என்றேன். இல்லை என்றாள்.

"மாமா, டோக்கன் கீதா?"

"கீது."

"ஆணிலதான?"

"ஆணிலதான்."

"நீ தொடாத. நான் வந்து நானே எடுக்கணும்."

இத்தனை வருஷத்தில் அவளிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். எல்லாம் சிரிப்புக்கு. இன்று சொன்னது அந்தக் கணக்கில் சேராது.


ஆகஸ்ட் 16, சனி

ரயில். டோக்கனை எடுத்துவிட முடியுமா என்று ராஜியைக் கேட்டேன். ஏன் என்று கேட்டான். சொன்னேன். அவன் முகம் சின்னதாகிவிட்டது. பசையும் ரிவிட்டும் சேர்ந்து பிடித்திருக்கிறது, நெம்பினால் மரம் ரெண்டாகப் பிளந்துவிடும் என்றான். வேறு மரம் போட்டுத் தருகிறேன் என்றான்.

வேறு மரம் எதற்கு. அந்தக் கறுப்பு அவள் கை.

வேண்டாம் என்றேன். ஒயிட்ஃபீல்டு வரை அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. யாருக்கு உடம்பு சரியில்லை என்று எல்லாரும் கேட்டார்கள்.


ஆகஸ்ட் 17, ஞாயிறு

மேகம், மழை இல்லை. துணி துவைத்தேன். வீடு முழுக்கப் பெருக்கினேன், கட்டிலுக்கு அடியிலும்.

கத்தியைத் துடைத்தேன். கீலுக்கு ஒரு சொட்டு தேங்காயெண்ணெய். மூடினேன். அடியில் கயிறு கோர்க்கிற ஓட்டை இருக்கிறது. கயிறு தேடினேன், ஒரு சாண்கூட இல்லை. அப்புறம் சட்டைப் பையில் கை விட்டேன். அவள் ஹேர்பின். வளைத்து ஓட்டையில் கோர்த்து, வாசல் ஆணியில் மாட்டினேன். 614 தெருவைப் பார்க்கிற மாதிரி.

பொய்யை நிஜமாக்க இவ்வளவுதான் தெரிந்தது. போட்டோ அனுப்பவில்லை. அனுப்பினால் கத்தி தெரிந்துவிடும். அது அவள் இறங்கி வந்து பார்க்க வேண்டியது.

கமலாக்கா கிண்ணம் வாங்க வந்தாள். ஆணியைப் பார்த்தாள். கோணலாக இருந்ததை நேராக்கிவிட்டுப் போனாள்.


ஆகஸ்ட் 18, திங்கள்

தூறல். சாம்பியனில் ஜன்னல் கிடைத்தது.

பங்காரப்பேட்டை தாண்டியதும் கொய்யா வந்தது. பழக்கமாக எல்லாரும் என் பக்கம் கை நீட்டினார்கள். கத்தி ஷிப்டுக்குப் போயிருக்கிறது என்றேன். ராஜி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மற்றவர்கள் பல்லால் கடித்துத் தின்றார்கள், என்னைத் திட்டிக்கொண்டே. கடித்த கொய்யாவை ஒருவருக்கொருவர் கொடுக்க முடியாதாம். நன்றாகத் திட்டுகிறார்கள்.

கத்தி இல்லை, மெட்ரோவில் போகலாம். வாசல் வரை போய்த் திரும்பி நடந்தேன். பழகிவிட்டது.

இடது கை மட்டும் கேட்கவில்லை. ரயிலில் ஒரு தடவை பாக்கெட்டுக்குப் போனது. ஒயிட்ஃபீல்டில் இறங்கும்போது ஒரு தடவை. கோடவுனில் முதல் அட்டைப்பெட்டியைப் பிரிக்கும்போது ஒரு தடவை. சாயங்காலம் பிளாட்பாரத்தில் நிற்கும்போது மறுபடி போனது. எடுக்கவில்லை. அங்கேயே வைத்துக்கொண்டு நின்றேன், ரயில் வரும்வரை.