அப்பாவின் சர்க்கரை அட்டை

அன்பு மகள் ஜெஸ்ஸிக்கு, திண்டுக்கல்லிலிருந்து அம்மா எழுதுவது. குவைத்தில் உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் மாதா பார்த்துக்கொள்ளட்டும். இங்கே நானும் உன் தங்கை அமலியும் நலம். மூன்றாவது ஆளை இந்த வரியில் சேர்க்க முடியவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். எனக்குக் கோர்வையாக எழுத வராது என்று உனக்குத் தெரியும், நான் சொல்லச் சொல்ல அமலி எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே போடாமல் புத்தகத் தமிழில் மாற்றிக்கொள்கிறாள். உன்னைப் போல நர்ஸாக வேண்டும் என்று பதினொன்றாம் வகுப்பில் செவிலியம் எடுத்ததிலிருந்து வீட்டில் பாதி நேரம் பாடம்தான் நடக்கிறது. படம் அனுப்புகிற போன் அப்பாவிடம் மட்டும்தான் இருக்கிறது, என் பட்டன் போனில் பேசினால் அவர் காதில் விழும். அதனால் லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்புகிற பேகம்பூர் தப்ரேஸிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை விமானம், திங்கட்கிழமை உன் கைக்கு வந்துவிடும்.

அப்பாவின் இடது காலில் சுண்டு விரலையும் அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள். இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. மினிபஸ் எப்.சி. சான்றிதழுக்காக நிற்கிறது, அதனால் வீட்டில் இருக்கிறேன் என்று உன்னிடம் அவர் சொன்னது பொய். பஸ்ஸை வேறு டிரைவர் ஓட்டுகிறார். எடுத்த விரல்களை ஒரு டப்பாவில் வைத்து என்னிடம் காட்டினார்கள். நான் சரி என்றேன். பிறகு கீழே போய் டீ குடித்தேன், டீ ஆறிப்போயிருந்தது, அதையும் குடித்தேன். அழுகை இன்னும் வரவில்லை.

எப்படி நடந்தது என்று நீ கேட்பாய். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் உன் அப்பா வண்டியை எடுப்பார், அது உனக்குத் தெரியும். அந்தப் பழைய வண்டியில் இடது கால் பக்கம்தான் எஞ்சின் சூடு. ஒருநாள் பள்ளி விட்டு அந்த வண்டியிலேயே வந்த அமலிதான் காலில் கொப்புளத்தைப் பார்த்திருக்கிறாள். என்னப்பா இது என்றதற்கு, “எது பாப்பா? ஒண்ணும் வலிக்கலயே” என்றிருக்கிறார். வலிக்கவில்லை என்பதையே நல்ல சேதியாக எடுத்துக்கொண்டோம். பத்து நாள் மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் போட்டோம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் விரல் இரண்டும் கறுத்து அழுகிவிட்டன. சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி போவது பாடத்தில் வருகிறது, ஆனால் அது அப்பாவின் காலாக இருக்கும் என்று தனக்குத் தோன்றவில்லை என்கிறாள் அமலி. இந்த வரியை எழுத வேண்டாம் என்றேன், எழுதிவிட்டாள்.

சர்க்கரைதான் கட்டுக்குள் இருந்ததே என்று நீ நினைப்பாய். மாதாமாதம் அட்டையைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினோமே, நூற்றுப் பதினெட்டு, நூற்றிருபத்திரண்டு என்று. நீயும் சூப்பர் அப்பா என்று பதில் போடுவாய். சுகாதார நிலையத்திலிருந்து பேச்சாயி அக்கா வீடு தேடி வந்து பார்க்கிற தேதி நமக்கு முன்கூட்டியே தெரியும். அதற்கு மூன்று நாள் முன்பே அப்பா சோற்றை நிறுத்திவிடுவார். பாகற்காய்ச் சாறு, கொள்ளுத் தண்ணீர், வெள்ளரிக்காய், வேறு ஒன்றும் கிடையாது. அக்கா ஊசி குத்தி நம்பர் எழுதிவிட்டுப் படி இறங்கியதும், “ஏ அல்போன்சா, பாஸாயிட்டேன், இலையப் போடு” என்பார். பிரியாணி வாங்கி வருவார். மற்ற இருபத்தேழு நாளும் மாத்திரை ஞாபகம் வந்தால் போடுவார். அந்த மூன்று நாளும் சாறு பிழிந்து கொடுத்தது நான்தான். உன் பதிலைப் பெரிய எழுத்தாக்கிப் படித்துவிட்டு ஸ்டாண்டில் இருக்கிற டிரைவர்களிடம் எல்லாம் காட்டுவார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. விரலை எடுத்த பிறகுதான் மூன்று மாதச் சராசரி என்று ஒரு பரிசோதனை பார்த்தார்கள், ஏழுக்குள் இருக்க வேண்டியது பதினொன்றுக்கு மேல் காட்டியது. பேச்சாயி அக்கா பார்க்க வந்து, “என்னைய ஏமாத்துறதா நெனச்சு உங்க காலையில்ல ஏமாத்திப்புட்டீங்கண்ணே, உங்களப் பாருங்கன்னு நாலு வீட்ல பெருமையா வேற சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்” என்று சத்தம் போட்டாள். முதல் நிலை மருத்துவம் என்பது வாசலுக்கு வந்து நிற்கிற பேச்சாயி அக்காவும் ஆரம்ப சுகாதார நிலையமும்தான், அங்கே உண்மையைச் சொல்லியிருந்தால் மூன்றாம் நிலையான பெரிய ஆஸ்பத்திரிவரை போயிருக்கவே வேண்டாம் என்று அமலி சொல்கிறாள்.

இப்போது காலையும் இரவும் இன்சுலின் போடுகிறோம். தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தார்கள். ராகிக் களி எவ்வளவும் சாப்பிடலாம் என்று நினைத்திருந்தேன், அதற்கும் அளவு உண்டாம். எல்லாம் செய்கிறேன். ஆனால் வியாழக்கிழமைதோறும் டாக்டரிடம் காட்ட வேண்டும். போன புதன்கிழமை ஊசியைப் போட்டுக்கொண்டு, நான் வைத்த இட்லியைப் பேப்பரில் சுற்றி ஜன்னல் வழியாகப் போட்டிருக்கிறார். இரவும் வயிறு சரியில்லை என்று படுத்துவிட்டார், ஊசியை மட்டும் போட்டுக்கொண்டார். மறுநாள் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போது சட்டை முழுக்க வேர்த்து, நாக்குக் குழறி, என் மேலேயே சாய்ந்துவிட்டார். சர்க்கரை முப்பத்தெட்டு. குளுக்கோஸ் ஏறிக் கண்ணைத் திறந்ததும் முதலில் கேட்டது, “எம்புட்டுக் காட்டுச்சு?” நான் சொன்னேன். “அம்புட்டுக் கொறஞ்சிருச்சா? ஜெஸ்ஸிக்கு அனுப்பு” என்றார். அங்கிருந்த நர்ஸ், இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் அனுப்ப ஆள் இருந்திருக்காது என்றாள். அவளுக்கு உன் வயதுதான் இருக்கும்.

உன்னிடம் சொன்னால் ஊசியே போட்டுக்கொள்ள மாட்டேன் என்று மிரட்டியிருக்கிறார். சொல்வதில்லை என்று நானும் ஒப்புக்கொண்டேன், இப்போது அதை மீறுகிறேன். உன் மேல் குற்றம் சொல்வதாக நினைக்காதே. நீ லீவு போட்டு ஓடி வரவும் வேண்டாம். போனில் நம்பர் கேட்காதே. என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு என்று கேள். காலைக் காட்டச் சொல். நர்ஸாகத் திட்டாதே, அதற்கு இங்கே ஆள் இருக்கிறது. முந்நூறு வந்தாலும் அதையே அனுப்புங்கப்பா, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று அந்த ஒன்றை மட்டும் சொல். நான் எத்தனை முறை சொன்னாலும் அது அவருக்கு ஏறாது. அம்மாதான் எழுதினாள் என்றே சொல், என் மேல் கோபித்துக்கொள்ளட்டும்.

இரவுப் பணி முடிந்து வெறும் வயிற்றோடு தூங்காதே, ஒரு முட்டையாவது வேகவைத்துச் சாப்பிடு. மூன்று நாளைக்கு ஒருமுறை தலைக்குக் குளி. தப்ரேஸிடம் கருவாடும் பருப்புப் பொடியும் கொடுத்திருக்கிறேன், கூட இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு. சகாய மாதா உன் போக்கிலும் வரவிலும் துணை இருக்கட்டும்.

மறந்துவிடாதே, செவ்வாய்க்கிழமைக்குள் கூப்பிட்டுவிடு. புதன்கிழமை காலையிலிருந்து அவர் சாப்பிட மாட்டார்.

உன் அம்மா,
அல்போன்சா சகாயராஜ்
(எழுதியது: அமலி)